இரண்டு முதல் மூன்று வரை

மே 25, ஞாயிறு

கிடைத்துவிட்டது! முழு நாள்! காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை, பத்து மணி நேரமும் நற்கருணை ஆராதனை. ஜூன் 22, ஆண்டவருடைய திருவுடல் திருநாளன்று. பூசை முடிந்ததும் ஃபாதர் ஹில்லாரியின் பின்னாலேயே போய், பூசை உடுப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டு வாங்கிவிட்டேன்.

சும்மா கிடைக்கவில்லை. ஃபாதர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஜெசிந்தாக்கா, போன வருசம் நடந்தது ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? போன வருடம் அரை நாள்தான் வைத்தோம். சிற்றாலயத்தில் கதிர்ப்பாத்திரம், அதற்குள் வெள்ளை அப்பமாக ஆண்டவர், இரண்டு பக்கமும் மெழுகுதிரி. பதினொரு மணிக்கு ஃபாதர் எட்டிப் பார்த்தால் உள்ளே ஓர் ஆள் இல்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலப் பூசையில், "விருந்தாளியக் கூப்பிட்டு நடுவீட்டுல உக்கார வச்சிட்டு, வீட்டுக்காரங்க எல்லாரும் வெளிய கிளம்பிப் போன மாதிரி இருந்திச்சு" என்று வருத்தப்பட்டுச் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"இந்த வருசம் அரை மணிக்கு ரெண்டு பேரு, பேரோட எழுதணும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு கட்டம் காலியா இருந்தாலும், மதியம் பன்னெண்டு மணிக்கே ஆண்டவரப் பேழைக்குள்ள வச்சுப் பூட்டிருவேன். ஒரு நிமிசம்கூட அவரத் தனியா விடக் கூடாது."

"விட மாட்டோம் ஃபாதர். நான் பொறுப்பு" என்றேன். நான் பொறுப்பு! இருபது அரை மணிகள், நாற்பது பெயர்கள். பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தாறு வருடம் அட்டவணை போட்டவள் நான். இது எனக்கு எம்மாத்திரம்!

மே 27, செவ்வாய்

ஆபீஸில் சார்ட் பேப்பர் வாங்கிக் கட்டம் போட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பார்த்துவிட்டு, "ஸ்கூல் டைம்டேபிள்கூட இவ்வளவு அழகா போட்டதில்லையே" என்றார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த கோட்டைப் போட்டேன்.

முதல் நாளே பதினெட்டுப் பெயர்! ஆனால் எல்லோருக்கும் காலை எட்டு மணி வேண்டும், இல்லையென்றால் முடிவில் ஃபாதர் தருகிற ஆசீருக்கு முந்தின ஐந்தரை வேண்டும். வெயில் நேரத்தில் ஆண்டவர் தூங்குவார் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

கோயிலில் அறிவிப்பு வாசித்தாயிற்று. அடுத்த ஞாயிறு நற்கருணையைப் பற்றி ஐந்து நிமிடம் நானே பேச வேண்டுமாம். மைக்கில்! பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் டிவிஎஸ் வண்டியில் கோயில் மதில் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கியதும் டீக்கடைக்குப் போய்விடுவார். பூசை முடிகிற மணி அடித்ததும் அதே இடத்தில் வந்து நிற்பார். ஆறு வருடமாக இப்படித்தான். மதிலைத் தாண்டுவதில்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் இல்லை, பூசையில் நற்கருணை அப்பமான நன்மை வாங்குவதில்லை. நான் கேட்பதும் இல்லை. கல்யாணமான புதிதில் எனக்கு முன்னால் போய் நன்மை வாங்க நிற்கிற மனுஷன். மோட்டார் காயில் கட்டிக் கட்டிக் கறுத்த அந்த விரல்களைக் குவித்துக்கொண்டு நிற்பதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே போவேன்.

குழம்புக்கு இன்று சாளை மீன். நல்ல பெரிசு.

ஜூன் 5, வியாழன்

அடுப்படியில் நின்று பேச்சை ஒப்பித்துப் பார்த்தேன். அவர் முன்னறையில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, "குரு கையில் எடுத்து, 'இது என் உடல்' என்று சொன்ன பிறகு அது வெறும் அப்பம் இல்லை. அது அடையாளமும் இல்லை, ஞாபகார்த்தமும் இல்லை. ஆண்டவரே! உயிரோடு! நம்மோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாப்பிடுகிற பொருளாகவே வந்துவிட்டார்" என்று முழங்கினேன். பருப்பு பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

திடீரென்று அவர் கேட்டார்.

"ஏன் ஜெசி, சின்னத் துண்டா உடைச்சுக் குடுத்தா?"

"என்னது?"

"அப்பத்த. விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அதுலயும் முழுசா இருப்பாரா?"

"அதுல என்ன சந்தேகம்? எவ்வளவு சின்னத் துண்டா இருந்தாலும் முழு ஆண்டவர்தான். புதுநன்மை வகுப்புலயே சொல்லிக் குடுத்திருப்பாங்கல்லா. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"ம்" என்று மறுபடி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். ஆறு வருடத்தில் அவர் கோயில் விஷயம் பேசியது இதுதான் முதல் தடவை! இந்த விஷயத்தையும் பேச்சில் சேர்த்துவிட்டேன். ஜனங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும்.

ஜூன் 7, சனி

எங்கள் மகள் பெனிட்டா இறந்த நாள், பூசை வைத்தோம். ஆறு வருடம். இருந்தால் இன்று இருபத்தைந்து வயது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பேசிவிட்டேன்! குரல் நடுங்கவில்லை. இறங்கியதும் மெட்டில்டா டீச்சர், "சாமியாராப் போயிருக்கலாம் நீ" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்கு மூன்று மணிக் கட்டம் கொடுத்திருக்கிறேன். நேரம் தவறாதவள். இன்றோடு முப்பத்தொரு பெயர்.

அவர் மதில் அந்தப் பக்கம் நின்றார். ஒலிபெருக்கிச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். இன்றைக்கு டீக்கடைக்குப் போகவில்லை போலிருக்கிறது. கேட்டால் ஆள் நழுவிவிடுவார் என்று கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். மூன்று வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. முப்பத்தாறு பெயர் சேர்ந்துவிட்டது. பாக்கி இருப்பது ஒரே ஒரு மணி நேரம், மதியம் இரண்டு முதல் மூன்று வரை. அதற்குத்தான் ஆள் இல்லை. தூத்துக்குடி வெயிலில் ஞாயிற்றுக்கிழமைச் சோறு தின்றுவிட்டு எவன் எழுந்து வருவான்?

இரண்டு மணிக் கட்டத்தில் பென்சிலால் 'ராயப்பன்' என்று எழுதிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயர் அந்தக் கட்டத்தில் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆராதனை நடப்பதைவிட எனக்கு அதுதான் பெரிய ஆசை என்று இந்த நோட்டில் மட்டும் சொல்லி வைக்கிறேன். பிறகு ரப்பரால் அழித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கேட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரம் பார்த்து, "ரெண்டு மணிக்கு ஆள் இல்ல. ஒரு மணி நேரம் நீங்க சும்மா வந்து உக்காந்தாப் போதும்" என்றேன்.

ஈரக் கையோடு என்னைப் பார்த்தார். "தனியா விடக் கூடாத எடத்துல காவலுக்கு என்னையா உக்காரச் சொல்லுத?"

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார்.

பெனிட்டா இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஏதோ சொன்னேன். துக்கத்தில் ஆயிரம் சொல்வோம். ஆறு வருடத்துக்குப் பிறகும் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அதெல்லாம் இருக்காது. நாளைக்கு மாவு ஆட்ட வேண்டும், உளுந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

நிரம்பிவிட்டது! கடைசிக் கட்டமும்!

சவேரியார் அன்பியத்துக்குக் கொடுத்துவிட்டேன். நம் பங்கில் தெருத் தெருவாகப் பிரித்து வைத்திருக்கிற அன்பியங்களில் அதுதான் பெரியது. முப்பத்தெட்டு வீடு. தலைவர் மோட்சம் அண்ணனிடம் பெயர் கேட்டேன். "பேரு எதுக்கு? முப்பத்தெட்டுக் குடும்பம் இருக்கு. ரெண்டு பேரு வர மாட்டாங்களா? கூட்டம் தாங்காது பாரு" என்றார். பெயரோடுதான் வேண்டும் என்று ஃபாதர் சொன்னது ஞாபகம் வந்தது. மணி நாலரை ஆகியிருந்தது. 'சவேரியார் அன்பியம்' என்று பெரிதாக எழுதிக் கட்டத்தை நிரப்பி, கோயில் வாசலில் ஒட்டிவிட்டேன். ஃபாதர் தூரத்திலிருந்து பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நாளைக்கு! நாளைக்கு! சேலை தேய்த்து வைத்தாயிற்று. பிரஷர் மாத்திரையைப் பர்ஸில் வைத்தாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

எழுத உட்கார்ந்து கால் மணி ஆகிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு ஃபாதர் கதிர்ப்பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துத் தூபம் காட்டியதும் எனக்குப் புல்லரித்தது. எட்டு, எட்டரை, ஒன்பது என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு ஜோடி எழுந்திருக்குமுன் அடுத்த ஜோடி வந்து முழந்தாள்படியிட்டுவிடும். நான் வாசலில் நாற்காலி போட்டுப் பேரை டிக் அடித்தேன். பன்னிரண்டு மணிக்கு ஃபாதர் வந்து எட்டிப் பார்த்து, பூட்டாமல் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். எனக்கு ஆகாயத்தில் நடப்பது மாதிரி இருந்தது.

ஒன்றரைக்கு ஃபிரிடாவும் அவள் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட வேண்டும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு முப்பத்தெட்டு வீடு வரப் போகிறதே, கவலை என்ன என்று வீட்டுக்கு நடந்தேன். அவர் இல்லை. சோற்றை மூடி வைத்திருந்தார். யார் வீட்டிலாவது மோட்டார் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஐந்து நிமிடம் காலை நீட்டலாமே என்று படுத்தேன்.

கண்ணைத் திறந்தால் மணி மூன்று ஐந்து.

தூங்கியிருக்கிறேன்! ஊரையெல்லாம் தனியாக விடாதே, தனியாக விடாதே என்று விரட்டினவள் தூங்கியிருக்கிறேன். ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியவில்லையா என்று ஆண்டவர் சீடர்களிடம் கேட்டாரே, அது நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டது மாதிரி இருந்தது. வெயிலில் ஓடினேன். வழியில் சவேரியார் அன்பியத்துப் பெண் ஒருத்தி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மணிக்கு நீ போனியா?" என்று கேட்டேன். "நான் போகலக்கா. எங்க தெருவுல மத்தவங்க போயிருப்பாங்கல்லா" என்றாள். முப்பத்தெட்டு வீடும் இதையே நினைத்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சிற்றாலய வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

உள்ளே மெட்டில்டா டீச்சர் முழந்தாளில் இருந்தாள். சுவரோரம் ஓர் ஏணி. ஏணியடியில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர். மடியில் ஒரு பழைய கெப்பாசிட்டர். தலைக்கு மேலே ஃபேன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் கதிர்ப்பாத்திரத்தை விட்டு அசையவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டியா? அப்ப நான் எந்திரிக்கலாமா?" என்றார்.

நான் டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"ஒண்ணே முக்காலுக்குக் கோயில் வேலை பாக்குற உபதேசியார் போன் போட்டாரு. ஃபேன் நின்னு போச்சு, உள்ள இருக்கவங்க வெந்துபோவாங்கன்னாரு. அந்த ஒரு வேலைக்குத்தான் வந்தேன். ஏணி மேல நிக்கேன். ரெண்டு மணிக்கு அந்த ரெண்டு பொம்பளையாளும் எந்திரிச்சு, என்னையப் பாத்துத் தலைய ஆட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த ஆளு நாந்தான்னு நெனச்சிருக்காங்க. நான் இறங்கிப் பாத்தா யாருமில்ல. உள்ள நானும் அவரும்தான்."

"உபதேசியாரக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"போன் டிவிஎஸ் டப்பாவுல கெடக்கு. மதில்கிட்ட. ஓடிப் போயி எடுத்துட்டு வந்திரலாம், ஒரு நிமிசந்தானன்னு நெனச்சேன்." கெப்பாசிட்டரை உருட்டிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன். மருந்துக்கடை கீழதான இருக்கு, அஞ்சு நிமிசந்தானன்னு."

இதற்கு மேல் மறைத்து எழுதிப் பிரயோசனம் இல்லை. அன்று மாதத்தின் முதல் வெள்ளி. டெங்குக் காய்ச்சலில் கிடந்த மகளை அவரிடம் விட்டுவிட்டு நான் இதே சிற்றாலயத்துக்கு ஆராதனைக்கு வந்திருந்தேன். அவர் நர்ஸ் எழுதிக் கொடுத்த மருந்துக்காகக் கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது பெனிட்டா போய்விட்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, வராந்தாவில் பத்துப் பேர் முன்னால் அவர் சட்டையைப் பிடித்து, "என் பிள்ளையத் தனியாச் சாக விட்டுட்டீங்களே" என்று கத்தினேன். நான் சொன்ன வார்த்தை இதுதான். ஆறு வருடம் நானும் அதை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கடவுள் மேல் கோபம், அதனால்தான் கோயிலுக்குள் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரை மதிலுக்கு வெளியே நிறுத்தினது நான்தான்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றேன். "மருந்து வாங்கத்தான போனீங்க. நீங்க செஞ்சதுல ஒரு குத்தமும் இல்ல. என்னைய மன்னிச்சிருங்க." நடுப்பகலில் கோயில் முற்றத்தில் நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன?

அவர் என்னைத் தேற்றவில்லை. வேறு எதையோ சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பரபரப்பைப் பார்த்துப் பல வருடமாயிற்று.

"ஜெசி, கேளு. உள்ள எனக்குச் செபம் ஒண்ணும் வரல. எல்லாம் மறந்துபோச்சு. சும்மா பெனிட்டாவப் பத்தி அவருகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். சைக்கிள் படிச்சது, விழுந்து பல்லு ஒடஞ்சது, எல்லாம். கடைசில அந்த அஞ்சு நிமிசத்தையும் சொன்னேன். தனியா விட்டுட்டேன்னு சொன்னேன்."

"ம்."

"சொல்லும்போதுதான் ஞாபகம் வந்திச்சு. அன்னைக்குக் காலைல, நீ கோயிலுக்குப் போன பெறகு, ஆஸ்பத்திரி ஃபாதர் வந்தாரு. அவளுக்கு நன்மை குடுத்தாரு. முழுசா முழுங்க மாட்டான்னு நகம் அளவுக்கு ஒரு துண்டு ஒடச்சு, ஸ்பூன்ல தண்ணி விட்டு, நாக்குல வச்சாரு. நான்தான் தலையத் தூக்கிப் பிடிச்சேன்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீதான சொன்ன, சின்னத் துண்டுலயும் முழுசா இருப்பாருன்னு? மைக்குலயும் சொன்னியே. அப்ப நான் கீழ போயிருந்த நேரத்துல அவ தனியா இல்லல்லா?"

இருபத்தெட்டு நாள் ஊரைக் கூட்டி, சார்ட் போட்டு, மைக்கில் முழங்கினேன். என் வாயால் நான் சொன்னது என்னவென்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

"இல்ல" என்றேன். "அவ தனியா இல்ல."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை எடுக்க உள்ளே போனவர் ஆறு மணி வரை வெளியே வரவில்லை. ஆசீர் நேரத்தில் ஃபாதர் கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கினபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாள்படியிட்டோம்.

ஜூன் 23, திங்கள்

ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் இல்லாமல் கட்டத்தை நிரப்பியது, வீட்டில் போய்த் தூங்கியது, எல்லாம். திட்டுவார் என்று பார்த்தேன். "ஆக மொத்தம் ஆண்டவர் ஒரு நிமிசம்கூடத் தனியா இல்ல?" என்று கேட்டார். "இல்ல ஃபாதர்" என்றேன். "பின்ன என்ன? அவருக்கு வேணுங்குற ஆள அவரே ஃபேன நிறுத்திக் கூப்பிட்டுக்கிட்டாரு போல" என்று சிரித்தார். கெப்பாசிட்டர் போனால் ஃபேன் நிற்கத்தான் செய்யும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். நான் இரண்டு பேர் பக்கமும் பேசவில்லை.

மோட்சம் அண்ணன் முப்பத்தெட்டு வீட்டையும் கூட்டி வைத்துச் சண்டை போட்டிருக்கிறார். எல்லோரும் அவரையே திருப்பிக் கேட்டார்களாம், நீங்க போனீங்களா என்று.

ஜூன் 28, சனி

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்தார். முகம் கழுவினார். "ஃபாதரப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். முக்கால் மணி நேரம். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது, கேட்கவும் இல்லை. வந்து உட்கார்ந்து ஆறு தோசை தின்றார்!

அடுத்த முதல் வெள்ளி ஆராதனை அட்டவணையை மேஜையில் வைத்திருந்தேன். நான் அடுப்படிக்குப் போய் வருவதற்குள் அதில் ஒரு பெயர் ஏறியிருந்தது. இரண்டு முதல் மூன்று வரை, இரண்டு கட்டத்திலும். பென்சில் இல்லை, பேனா.

ஜூன் 29, ஞாயிறு

இன்று டிவிஎஸ் மதில் ஓரம் நிற்கவில்லை. நேராக உள்ளே ஓட்டி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

நன்மை வாங்க வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் ஓரத்தில் கறுப்பு போகவில்லை. ஃபாதர் அந்தக் கையில் அப்பத்தை வைத்து, "கிறிஸ்துவின் உடல்" என்றார்.

"ஆமென்" என்றார் அவர். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.